வெங்காயக் கொட்டிலில் நித்திரை கொண்ட லில்லிகள்

நிமலினி வருகிறாள் என்பது ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அவளுடைய செருப்பு அப்படி அடிக்கும். நாற்பத்தெட்டு வயதாகியும் ஆறுதலாக நடக்கப் பழகாதவள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு இலக்கத் துண்டு கொடுக்கும் சாளரத்தில் இருப்பவள் அவள்தான். "நூற்றிப்பத்து" என்று அவள் கூப்பிட்டால் நூற்றியிருபதாம் இலக்கக்காரரும் பதறி எழும்பி நிற்பார்.

வேகம் இருந்தது. தொடங்கியதை முடிப்பவள் என்ற பெயர்தான் இல்லை. தேனீ வளர்க்கப் போகிறேன் என்று பெட்டி செய்வித்தாள். பெட்டி இருக்கிறது, தேனீ வரவில்லை. ஆலயத்தில் வாசிப்பதற்கென்று வாங்கிய கீபோர்ட்டில் புத்தகத்தின் பதினோராம் பக்கம்வரை வாசிப்பாள். கேக் ஐசிங் வகுப்பில் ரோசாப்பூவின் மூன்று இதழ்வரை படித்தாள். இவையெல்லாம் கிடக்கும் பின்னறைக்கு அவளுடைய கணவர் கிருபைரட்ணம் "பாதி அறை" என்று பெயர் வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருப்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது இப்படித்தான் இருக்கும்.

லில்லிகளும் அந்தக் கணக்கில் சேரவேண்டியவைதான். மூன்று வருடங்களுக்கு முன்னர் சபையின் பெண்கள் சங்கம் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போனபோது, தெருவோரத்தில் ஒருவன் சாக்கு விரித்துக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் கைப்பிடியளவு, மண்நிறத் தோல், அடியில் வெள்ளை வேர். பூவின் படத்தைக் காட்டினான். ஒரு தண்டில் நாலு பூ, ஒவ்வொன்றும் ஒலிபெருக்கிக் குழாயளவு. நிறம் என்னவென்று கேட்டதற்கு, அது பூக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டான். நிமலினி பன்னிரண்டு வாங்கினாள். வான் முழுக்கச் சிரிப்பு. ஊரெல்லாம் வெங்காயம் அனுப்புகிற யாழ்ப்பாணத்துக்கு நுவரெலியாவிலிருந்து வெங்காயம் கொண்டுபோகிறாளே என்று கொடிகாமம்வரை சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவற்றுக்கு நல்ல இடம் பார்த்துக் கிணற்றடியில் நட்டாள். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடும். மாரியில் மழையும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள்கூட அவற்றின் கால் காய்ந்தது கிடையாது. இலை வந்தது. முழ நீளத்தில், வாள்போல, பச்சைப் பசேலென்று வந்தது. முதல் வருடம் இலை. இரண்டாம் வருடமும் இலை. மூன்றாம் வருடம் கிருபைரட்ணம் குளித்துத் தலையைத் துவட்டியபடி, உந்த இலையை அரிந்து வறை வறுத்தால் ஒரு நேரச் சோற்றுக்காவது உதவும் என்றார்.

அவள் போய் லில்லிகளுக்கு இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். 

சென்ற மார்கழி தொடக்கத்தில் பெண்கள் சங்கக் கூட்டம் நடந்தது. அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் பீடத்துக்குரிய பூவை ஒரு குடும்பம் பொறுப்பெடுக்கும். பெயர்கள் எழுதிய தாள் ஆலயக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். ஆராதனையில் காணிக்கைக்குப் பிறகு போதகர் அந்தக் குடும்பத்தின் பெயரை வாசிப்பார். உயிர்த்த ஞாயிறு மட்டும் லவீனா வீட்டுக்கு உரியது. லவீனா வங்கியில் வேலை செய்பவள், நாற்பதுக்குள் வயது, கெட்டிக்காரி. கொழும்புக்குச் சொல்லிவிடுவாள், ஐஸ் போட்ட பெட்டியில் பூ பஸ்ஸில் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் அவள், அடுத்த ஈஸ்டருக்கு நான் தம்பியின் கலியாணத்துக்குக் கனடாவில் நிற்பேன், வேறு யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்றாள். எல்லோரும் மடியைப் பார்த்தார்கள். ஒரு கை உயர்ந்தது. அது தன்னுடைய கை என்பது நிமலினிக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

"வாங்கிற பூ இல்லை, என்ரை வளவிலை பூக்கிற பூ," என்றாள். "லில்லி."

லவீனா சிரித்தாள். பொல்லாத சிரிப்பு அல்ல, ஆனாலும் சிரிப்பு.

"இலைக்கட்டையோ அக்கா பீடத்திலை வைக்கப் போறியள்?"

போதகரின் மனைவி எழுதிவிட்டார். உயிர்த்த ஞாயிறு: திருமதி நிமலினி கிருபைரட்ணம். எழுதிய தாள் கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டது. தேனீப் பெட்டியைப் பாதி அறைக்குள் தள்ளலாம். கீபோர்ட்டையும் தள்ளலாம். ஆலயக் கதவில் ஒட்டிய தாளை எங்கே தள்ளுவது?

அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து மகள் றெபேக்காவின் அழைப்பு வந்தது. முதல் பிள்ளைப்பேறு, நாள் நெருங்கிவிட்டது. நிமலினி இரண்டு மாத லீவு போட்டுவிட்டு கொழும்பு வெள்ளவத்தைக்குப் புறப்பட்டாள். போகும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வளவுக் கதிரவேலுவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாள். கிணற்றடியில் நிற்பவற்றை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் பொறுப்பு என்று.

கதிரவேலு அவளைவிட மூன்று வயது மூத்தவர். சந்நிதி முருகனும் வெங்காயமும்தான் அவருடைய உலகம். ஐந்து பரப்பு நிலத்தில் வெங்காயம் செய்கிறார். லில்லி என்ற பெயரை அதுவரை அவர் காதால் கேட்டதில்லை. நிமலினியும் பெயரைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

நத்தாருக்குக் கிருபைரட்ணமும் கொழும்புக்குப் போயிருந்தார். புதுவருடத்தன்று கதிரவேலு சொன்ன சொல் தவறாமல் கிணற்றடியைப் போய்ப் பார்த்தார். மழைவெள்ளம் தேங்கி இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன. மண்ணை விரலால் கிளறினார். உள்ளே பம்பாய் வெங்காயத்துக்கும் அப்பன்போல ஒன்று திரண்டு இருந்தது. வெங்காயக்காரனுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இலைத்தாள் சாய்ந்து, கிழங்கு திரண்டால் முற்றிவிட்டது என்று பொருள். ஈர மண்ணில் விட்டால் அழுகும். பன்னிரண்டையும் கிண்டி எடுத்து, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, தாளை அளவாக அரிந்து, வாழைநாரால் பிடிபிடியாகக் கட்டித் தன் கொட்டிலுக்குள் கொண்டுபோய், விதை வெங்காயம் தொங்குகிற கூரை வளையில் தொங்கவிட்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கை கழுவினார்.

கிருபைரட்ணம் திரும்பி வந்தபோது அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நிமலினி ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் லில்லிக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று கேட்பாள். ஓம் என்பார். பொய் இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு வாளி ஊற்றினார். மாசி நடுப்பகுதிவரை, ஏழு கிழமையாக, அந்த மனிதர் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் வார்த்தார்.

நிமலினி வந்து இறங்கிய வியாழக்கிழமை, பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். வழுவழுவென்று நனைந்த நிலம். அதில் ஒரு தவளை.

"இஞ்சருங்கோ, என்ரை லில்லி எங்கை?"

கிருபைரட்ணம் வந்து பார்த்தார். "இலைதானே பட்டுப்போச்சு, கீழை படுத்திருக்குமெண்டு நினைச்சன்," என்றார்.

அடுத்த நிமிடம் அவள் கதிரவேலுவின் முற்றத்தில் நின்றாள். அவர் பெருமையோடு கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய் மேலே காட்டினார். வளையெல்லாம் சிவப்புச் சிவப்பாக வெங்காயப் பிடிகள். நடுவில், தூக்கில் போட்டதுபோல, அவளுடைய கிழங்குகள். வேர்கள் காய்ந்து நூலாகிவிட்டன. தோல் உரிந்து பறந்தது.

"ஒண்டும் பழுதில்லை, தங்கச்சி. கல்லுமாதிரிக் கிடக்கு. உதென்ன இனம்? கறிக்கு உறைக்குமோ?"

நிமலினி கிழங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டாள். கதிரவேலு தலையைச் சொறிந்தார். திங்கட்கிழமைதான் விதை வெங்காயத்தில் ஒரு பகுதியை இறக்கித் தோட்டத்தில் நட்டது. பிடிகளை அவிழ்க்கும்போது எங்காவது விழுந்திருக்கும், தேடித் தருகிறேன் என்றார். அவள் பதினொன்றையும் சீலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவரோடு கதைக்கவில்லை.

உயிர்த்த ஞாயிற்றுக்கு ஆறரைக் கிழமை இருந்தது. அன்று பின்னேரமே நட்டாள். இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று, வீடு பூசி மிஞ்சிய பெயின்ற் வாளிகளில் அடியில் துளை போட்டு, செம்மண்ணும் எருவும் கலந்து, ஆளுக்கொரு வாளியாக நட்டு வாசற்படியோரம் வரிசையில் வைத்தாள். நாளுக்கு இரண்டு கை தண்ணீர். கூடுதலாக ஊற்ற நிலம் அல்ல, வாளி. நட்டாளே தவிர நம்பவில்லை. மூன்று வருடம் குளிக்கவார்த்தும் பூக்காதது தூக்கில் தொங்கிவிட்டு வந்தா பூக்கும்?

கனடாக் கலியாணம் ஆடிக்குத் தள்ளிப்போய்விட்டது என்றும், லவீனா ஊரில்தான் நிற்பாள் என்றும் அந்தக் கிழமையே செய்தி வந்தது. அதாவது, வந்து பார்ப்பாள்.

மூன்றாம் கிழமை ஒரு காலை, வேலைக்கு ஓடும் அவசரத்தில் செருப்பைத் தேடிக் குனிந்த நிமலினி அப்படியே நின்றுவிட்டாள். நாலாவது வாளியில் கிழங்கின் பக்கவாட்டிலிருந்து ஏதோ மூக்கு நீட்டியிருந்தது. இலை தட்டையாக வரும். இது தடித்து, நுனி மொட்டையாக, கிளியின் சொண்டுபோல வந்தது. தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஏதோ உருளையாக இருந்தது. அன்று ஆஸ்பத்திரிச் சாளரத்தில் அவள் நாற்பத்தொன்றை இரண்டு தரம் கூப்பிட்டாள், நாற்பத்திரண்டை மறந்துபோனாள்.

பின்னேரம் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். றெபேக்கா பிள்ளையை மடியில் வைத்தபடி போனில் தேடி வாசித்துவிட்டு அழைத்தாள். அம்மா, இது பூத்தண்டு. இந்தக் கிழங்கை இரண்டு மாதம் தண்ணீர் காட்டாமல் காயப்போட வேண்டுமாம். எந்த நேரமும் ஈரத்தில் நின்றால் இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிற்குமாம். காய்ந்து நித்திரை கொண்டால்தான் பூவோடு எழும்புமாம். யாரம்மா உங்களுக்கு இதைச் சொல்லித்தந்தது?

நிமலினி வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. கிருபைரட்ணம் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். அவள் கேக் ஒரு துண்டைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு வேலியடிக்கு ஓடினாள்.

"கதிரண்ணை, நான் உங்களோடை கோவம் இல்லை."

கதிரவேலு திகைத்தார். "நீர் கோவமெண்டே எனக்குத் தெரியாதே," என்றார். "கொழும்பாலை வந்த களைப்பெண்டு நினைச்சன்."

அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. நாளுக்கு மூன்று தரம் அடிமட்டம் வைத்து அளந்தாள். கிழமைக்குள் ஐந்து வாளியில் தண்டு. பிறகு எட்டு. பிறகு ஒன்பது. இரண்டு வாளி இலையோடு நின்றுகொண்டன. அவற்றை அவள் பார்ப்பதில்லை. கிருபைரட்ணம் அதிகாலையில் எழும்பி, அவள் பார்க்குமுன் தானே ஒருக்கால் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போலத் தேத்தண்ணீர் குடிப்பார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஒன்பது தண்டும் முழங்காலுக்கு மேல் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கூப்பிய கைபோல ஒரு மொட்டுறை. உறை மூடியே இருந்தது. திங்கள், மூடியேதான். செவ்வாய், இரண்டு உறை வெடித்து உள்ளே விரல்போல மொட்டுகள் தெரிந்தன, எல்லாம் பச்சை. புதன், பச்சைதான். எப்போது விரியும் என்று மகளின் போனும் சரியாகச் சொல்லவில்லை. சில நாள் என்றது. ஒரு கிழமையும் ஆகலாம் என்றது.

பெரிய வியாழன் காலை லவீனா தொலைபேசியில் வந்தாள். குரலில் பகிடி இல்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. கொழும்பிலை பூக்காரன் இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ளை சொல்லச் சொல்லுறான். பேந்து பெரிய வெள்ளி, கடை இல்லை. சொல்லி விடட்டோ? உங்கடை பேரிலையே வாசிக்கட்டும்."

அந்தக் கடைசி வசனம்தான் சுட்டது. அவளுடைய பெயரில், வேறு யாரோ வளர்த்த பூ. நாலுக்குள் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். ஓம் என்றால் பீடம் வெறுமையாக இராது. லில்லி பாதி அறைக்குப் போய்விடும். இல்லை என்றால், பூக்காவிட்டால், உயிர்த்த ஞாயிறன்று சபை முழுவதும் ஒன்பது பச்சைத் தடியைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடும். வாளிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மூன்றரை மணிக்குப் போனைக் கையில் எடுத்தாள்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கதிரவேலு கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ரை வெங்காயத்துக்குள்ளை ஒரு சாமான் நிக்குது. வந்து பாரும்."

தோட்டம் ஐந்து நிமிட நடை. நிமலினி இரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். பாத்தி பாத்தியாகச் சாண் உயர வெங்காயத் தாள். மூன்றாவது பாத்தியின் வரப்போரம், அந்தச் சின்னப் பச்சைகளுக்கு நடுவில், இடுப்பில் கைவைத்த ஆள்மாதிரி, சிவப்பில் பெரியதாக ஒன்று விரிந்து நின்றது. ஒரு தண்டு. இரண்டு பூ திறந்து, இரண்டு திறக்கப் போகிறது. தோட்டத்துச் செம்மண்ணையே மங்கச் செய்கிற சிவப்பு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் தண்ணீர் மாற்றுவதை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பன்னிரண்டாவது. நட வந்த பெண்கள் ஏதோ புது இனம் என்று நினைத்து வரப்பில் ஊன்றிவிட்டிருக்கிறார்கள்.

"எப்ப விரிஞ்சது?" என்றாள். மூச்சு வாங்கியது.

"விடிய இறைக்க வரேக்கை நிண்டது. நேற்றுப் பின்னேரம் இல்லை."

"இது எண்டைக்கு நட்டது?"

"வெங்காயத்தோடை. திங்கக்கிழமை. நீர் வந்து நிண்டு முழிச்சீரே, அதுக்கு முந்தின திங்கள்."

நிமலினி விரல் மடக்கினாள். கொட்டிலில் ஒன்றாகத் தொங்கியவை. இது திங்கள் மண்ணுக்குள் போனது. அவளுடையவை வியாழன். மூன்று நாள். இது இன்றைக்கு, வியாழன், விரிந்திருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு. மறுபடியும் மடக்கினாள். மறுபடியும் ஞாயிறு.

"மூண்டு நாள்," என்றாள் சத்தமாக. கதிரவேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும், ஓம், மூண்டு நாள் என்றார். அவள் வரப்பில் நின்றபடியே லவீனாவை அழைத்து, பூ வேண்டாம், என்ரை பூக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் யோசித்தாள். மண்ணும் வேறு, தண்ணீரும் வேறு. தோட்டத்துக் கணக்கு வாளிக்குப் பொருந்தும் என்று யார் சொன்னது? சொல்ல ஆளில்லை. சொல்லியாகிவிட்டது.

பெரிய வெள்ளி மூன்று மணிநேர ஆராதனையில் அவள் மனம் வாசற்படியில் நின்றது. ஆண்டவர் அதையும் மன்னிக்கட்டும். சனி காலை மொட்டுகள் பச்சை மாறி, கோடு கோடாக நிறம் பிடித்தன. வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வாளியோடேயே போகட்டும் என்றாள். பின்னேரம் கதிரவேலு தன்னுடைய லான்ட் மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, ஒன்பது வாளியையும் ஏற்றி, சுவாமி எழுந்தருளுகிற கதியில் ஓட்டி வந்தார். கிருபைரட்ணம் பின்னால் பெட்டிக்குள் குந்தி இரு கையாலும் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் அப்படி ஒரு வாகனத்தில் போனதை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பீடத்தின் இரு பக்கமும் வெள்ளைத் துணி சுற்றிய வாளிகளை வைத்தார்கள். ஒரு பூவும் இல்லை. சோடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லவீனா கிட்ட வந்து ஒரு மொட்டைப் புறங்கையால் தொட்டாள். இலைக்கட்டு என்று சொல்லவில்லை. "சூடாக் கிடக்கு அக்கா," என்றாள் மெல்ல. காற்று வரட்டும், யன்னல்களைச் சாத்தாமல் விடுங்கள் என்று நிமலினி கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு ஆராதனை. நிமலினி நாலரைக்கே படலையைத் திறந்துவிட்டாள். வழியெல்லாம் கிருபைரட்ணம் அவளுக்குப் பின்னால் ஓடினார். ஆலயக் கதவடியில் வந்ததும் அவள் நின்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் மெதுவாக நடந்ததைக் கிருபைரட்ணம் கண்டார்.

ஐந்து விரிந்திருந்தன. நாலு மூடி நின்றன. விரிந்த ஐந்தில் நாலு சிவப்பு, தோட்டத்தில் நின்றதைப்போலவே. வலப்பக்கம் கடைசியாக நின்ற ஒன்று வெள்ளை. ஒரு கோடும் இல்லாத முழு வெள்ளை. நுவரெலியாச் சாக்குக்காரன் சொன்னது சரி, பூக்கும்போதுதான் தெரிந்தது. விளக்கேற்ற வந்த லவீனா தீக்குச்சி விரலைச் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காணிக்கைக்குப் பிறகு போதகர் துண்டைப் பார்த்து வாசித்தார். இன்று பீடத்தின் மலர்களைப் படைத்தவர்கள் திரு, திருமதி கிருபைரட்ணம் குடும்பத்தினர். நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வாசித்தார். மற்றும், தோட்டக்காரர் கதிரவேலு. வாங்குகளில் இருந்தவர்களின் தலைகள் திரும்பின. துண்டை எழுதிக் கொடுத்திருந்த நிமலினி நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் அவள் ஒருவரோடும் நின்று கதைக்கவில்லை. பட்டுச்சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. கதிரவேலு வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார். அவளைக் கண்டதும் மெசினை நிறுத்தினார்.

"எங்கடையிலை எத்தினை?"

"அஞ்சு. ஒண்டு வெள்ளை."

அவர் தலையாட்டினார். அவள் பெயர் வாசித்த கதையைச் சொன்னாள். அவர் மண்வெட்டியை வரப்பில் குத்தினார்.

"என்ரை பேரையோ? உங்கடை கோயிலிலையோ?"

"ஓம்."

"சந்நிதியான் அறிஞ்சா என்ன சொல்லுவான்?" என்றார். சால்வையை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்கடை போதகர் ஐயா பேரைப் பிழையில்லாமல் வாசிச்சவரோ?"

"முழுசா. கதிரவேலு எண்டு, எல்லாருக்கும் கேக்கிறமாதிரி."

"அப்ப சரி," என்றுவிட்டு அவர் மெசினைப் போடப் போனார். தண்ணீர் வாய்க்காலால் ஓடிவந்து மூன்றாவது பாத்திக்குத் திரும்பியது. பூ நிற்கிற வரப்போரம் அது போகாதபடி நிமலினி சீலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் ஒரு குத்து மண் எடுத்து அணைத்தாள்.